முப்பத்தேழு பேருக்கு ஒரு ரேணுகாம்பாள்

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை, ஐயா. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்துவிட்டால் ஆடாது. நான் நிதானமாகச் சொல்கிறேன், உங்கள் ரைட்டர் நிதானமாக எழுதட்டும். அடித்தல் திருத்தல் எனக்கு ஆகாது. அது பிறவிக் குணம்.

பெயர் கலியாணசுந்தரம். வயது அறுபது. செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம் இருந்த சந்திரோதயா ரெடிமேட்ஸில் ஆறு வருஷம் டைம்கீப்பர். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. இந்த வருஷம், எழுபத்து மூன்று ஆடியில், கம்பெனியை மூடினார்கள். அதோடு நானும் ஓய்வு பெற்றுக்கொண்டேன்.

பெண் குழந்தைகளுக்குக் கவுன், பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை, இதெல்லாம் தைக்கிற கம்பெனி. முப்பத்தேழு தையல் மிஷின், முப்பத்தேழு பெண்கள். எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தால், பாலாற்றில் வெள்ளம் வருகிறது என்று எதிர்க்கரையில் மூட்டை கட்டுவார்கள். ஆற்றில் தண்ணீரைப் பார்த்தே மூன்று வருஷம் ஆகியிருக்கும், இருந்தாலும் கட்டுவார்கள். என் கையெழுத்தைப் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஆள் வருவார்கள். சரி, ஒரே ஒருவர் வந்தார். அவரும் பஸ்ஸில் வந்தார். பார்த்துவிட்டு, அச்சடித்ததா என்று கேட்டார்.

நான் பிறந்தது பெரிய காஞ்சிபுரத்தில், தறி வீட்டில். அதைச் சொன்னால்தான் உங்களுக்கு மற்றது விளங்கும். கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அப்பா உடலை நெய்வார், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவான். அம்மா நூல் இழைப்பாள். இரண்டு அத்தைகள் தார்க்குச்சியில் நூல் சுற்றுவார்கள். அறுந்த இழையை அக்காள் பிணைத்துக்கொண்டே இருப்பாள். புடவை முடிந்து நெசவாளர் சொசைட்டிக்குப் போனால் சீட்டில் ஒரே ஒரு பெயர் இருக்கும், மாணிக்கவாசகம் என்று. அது அப்பா. ஆறு பேர் முதுகு வளைந்தது, ஒரு பெயர். அதைப் பொய் என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. தறிக்கு ஒரு பெயர், அவ்வளவுதான்.

கம்பெனி ஆரம்பித்த அன்று சபாபதி முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“கலியாணம், ரொம்பப் பேரைக் காட்டினா சட்டம் வந்து உள்ள குந்திக்கும்பா. கொறச்சலா காட்டு.”

எவ்வளவு குறைச்சல் என்று அவர் சொல்லவில்லை. இருபதைவிடப் பத்து குறைச்சல். பத்தைவிட ஒன்பது குறைச்சல். எங்கேயாவது நிறுத்த வேண்டுமே. நான் ஒன்றில் நிறுத்தினேன். கம்பெனி என்பது ஒரு பெரிய தறிதானே. பெண்கள் வேலை செய்கிற இடம் என்பதால் பெண் பெயராக இருக்கட்டும் என்று பேனாவைத் திறந்தேன். அது பாட்டுக்கு என் மனைவியின் பெயரை எழுதிவிட்டது. ரேணுகாம்பாள். அவள் கம்பெனி இருந்த திசையில் தலை வைத்தும் படுத்ததில்லை.

பொய் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், கீழே அன்று நடந்தது அத்தனையும், நிமிஷம் தவறாமல். எழுபத்தொன்று ஜூன் ஒன்பதாம் தேதிப் பக்கம் எனக்கு மனப்பாடம். ரேணுகாம்பாள் காலை எட்டு மணிக்கு வந்தாள். எட்டே காலுக்கும் வந்தாள். பதினொன்றரைக்கு அவள் வலது கை ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியது. அதே பதினொன்றரைக்கு அவளுக்கு இடுப்பு வலி கண்டு மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். மதியம் முப்பத்தாறு டிபன் டப்பாக்களைத் திறந்து சாப்பிட்டாள். சாயங்காலம் ஒரு கத்தரிக்கோல் யாருடையது என்று தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டு, தன் தலைமுடியைத் தானே பிடித்து இழுத்தாள்.

அந்த வருஷத்தில் மட்டும் அவளுக்குப் பதினொரு பிரசவம். நாலு தடவை கல்யாணம் ஆயிற்று. இரண்டு தடவை புருஷன் செத்தான். எல்லாருமாக வந்த நாளில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு மணி நேரம் வேலை பார்த்தாள். இப்படி ஒரு வேலைக்காரி இந்த ஜில்லாவிலேயே கிடையாது. ஆறு வருஷத்தில் இந்தப் பதிவேட்டைக் கொண்டு வா என்று யாரும் கேட்டதில்லை. அதில் எனக்கு ஒரு குறைதான்.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை காலையில் பெண்கள் வந்தபோது கேட்டில் பூட்டு. மின்சார வெட்டு தாங்க முடியவில்லை, கம்பெனி மூடப்பட்டது என்று ஒரு காகிதம். எழுதியது நான்தான், பார்வையாக இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பின்பக்கச் சந்தில் சூர்யோதயா ரெடிமேட்ஸ் என்று ஒரு பலகை ஏறியது. அதே கட்டடம், அதே மிஷின்கள். புதுப் பெண்கள், பாதி வயது, பாதிக் கூலி. முதலாளி எனக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தகராறு இல்லாமல் இது நடந்துவிட்டால் சூர்யோதயாவுக்கும் நான்தான் டைம்கீப்பர். நானூறு பக்கத்தில், தோல் பைண்டிங் போட்ட புதுப் பதிவேடு வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறார். மோந்து பார்க்கக் கொடுத்தார்.

ஆனால் பழைய பெண்களில் தேவகி என்று ஒருத்தி உண்டு. காலர் தைப்பாள். ஒரு நாள் என்னைக் கேட்டருகே மடக்கினாள்.

“இன்னா சார், கரண்டு இல்லன்னு மூடினீங்கோ. உள்ள மிஷின் ஓடிக்கினு இருக்குது. மாவு அரைக்கிறீங்களா?”

“அது வேறே கம்பெனிம்மா.”

“சந்திரன் போயி சூரியன் வந்துட்சா. சுவரு அதே சுவரு சார். ஆறாவது மிஷின் என்னுது. அது இழுத்து இழுத்து ஓடும், எங்க மாமியாராட்டம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

அவள் யூனியன் ஆபீசில் போய்க் கேட்டு வந்திருந்தாள். மூடின கம்பெனி மறுபடி ஆள் எடுத்தால், பழைய ஆட்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டுமாம். அது சட்டமாம். முப்பத்தேழு பேரும் லேபர் ஆபீசரிடம் மனுக் கொடுத்தார்கள். இவர்கள் பழைய ஆட்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஆபீசர் கேட்டார். வருகைப் பதிவேடு இருக்கிறது என்றார்கள். அதைக் கொண்டு வரச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்தது.

எனக்கு அன்று கல்யாணக் களைதான். ஆறு வருஷத்துப் பதிவேடுகளையும் மஞ்சள் துணியில் சுற்றி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். ஆபீசர் புரட்டினார். முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு இன்னொரு தடவை துடைத்தார்.

“இந்த ரேணுகாம்பாள் ஒரே வருஷத்துல பதினொரு குழந்தை பெத்திருக்காங்களே.”

“எல்லாம் சுகப்பிரசவம் சார்” என்றேன்.

“மத்த முப்பத்தாறு பேர் எங்கே?”

“தறிக்கு ஒரு பெயர் சார்.”

தேவகி என்னைப் பார்த்த பார்வையில் முதலாளிக்கே வேர்த்தது. “ஆறு வருசமா கேட்டுல எங்க ஒவ்வொருத்தி மூஞ்சியும் பாத்து எழுதிக்கினே இருந்தியே சார். யாரைத்தான் எழுதுன?” என்றாள்.

முதலாளியின் வக்கீல் எழுந்து, பதிவேட்டின்படி ஒரே ஒரு தொழிலாளி, அவர் வந்தால் அவருக்கு வேலை கொடுக்கிறோம், மற்றவர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது என்றார். ஆபீசர் கடைசியில் ஒரு உத்தரவு போட்டார். அக்டோபர் பதினெட்டாம் தேதி ரேணுகாம்பாள் நேரில் வந்து, யார் வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி.

அன்று சாயங்காலமே தேவகியும் நாலைந்து பெண்களும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ரேணுகாம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தேவகி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்ப நீதான் நானா?” என்றாள்.

என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. தேவகி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம், தாலி அறுத்தது, விரலில் ஊசி ஏறியது. ரேணுகாம்பாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் என்னிடம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பதினொண்ணாங்க?”

எங்களுக்குக் குழந்தை இல்லை, ஐயா. முப்பத்து நாலு வருஷம். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விஷயம், நானும் பேசுவதில்லை.

மறுநாளிலிருந்து அவள் தேவகியோடு கிளம்பிவிட்டாள். பிள்ளையார்பாளையம், செவிலிமேடு, திருப்பருத்திக்குன்றம் என்று வீடு வீடாகப் போய் அந்தப் பதினொரு குழந்தைகளையும் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் இரண்டு வயதுப் பிள்ளைகள். “மங்கையர்க்கரசி பையனுக்கு உங்க மூக்குங்க” என்றாள் ஒரு நாள், சிரித்துக்கொண்டே. இந்தச் சேர்க்கை எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, அடுத்து அவள் சொன்னது.

“பதினெட்டாந்தேதி நான் வரேங்க. நான் ஒரு நாள் கூட மிஷின்ல குந்தல, இவங்கதான் குந்தினாங்கன்னு சொல்லிடறேன். அவங்க அவங்க பேரு அவங்க அவங்களுக்குப் போவட்டும்.”

நான் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன். அப்படிச் சொன்னால் ஆயிரத்து எண்ணூறு பக்கமும் பொய்யாகிவிடும், ஒரு அடித்தல் இல்லாத பக்கங்கள், என்றேன்.

“பொய்தானேங்க அது” என்றாள்.

அதட்டவில்லை அவள். சாம்பாரில் உப்புக் கம்மி என்று நான் சொல்வேனே, அந்த மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

இரண்டு நாள் யோசித்தேன். பதிவேட்டின்படி ஆள் வர வேண்டும். ஆள் வந்தால் பதிவேடு கெடும். வர முடியாத நிலைமையில் ஆள் இருந்தால் இரண்டும் கெடாது. பதினொன்றாம் தேதி காலையில், ரேணுகாம்பாள் காலமானார் என்று நல்ல தாளில் எழுதிக்கொண்டு எங்கள் ஊர் முன்சீப்பிடம் போனேன். பிறப்பு இறப்பு எழுதுவது அவர்தான். பாவம், இரண்டு கண்ணிலும் புரை.

“நேத்துதானேப்பா எனக்கு மோர் குடுத்துச்சு அந்தப் பொண்ணு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமாம் ஐயா, நேற்று” என்றேன். நேற்றுதான் கொடுத்தாள். அதில் பொய் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்துக் கொடுத்தார்.

அவள் காலமான அன்று வீட்டில் உப்புமா. இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள். விஷயம் கேள்விப்பட்டு முதலாளியின் காரியதரிசி ரோஜா மாலையோடு வந்தார். வெள்ளிக்கிழமைக்கு முன்கூட்டியே கொண்டுவந்திருக்கிறார் போல என்று என் மனைவி அதை வாங்கிக் காமாட்சி படத்துக்குப் போட்டுவிட்டு, அவருக்குக் காபி கொடுத்தாள். அவர் அந்தக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டம்ளர் ஆடி ஆடி, காபி நுரை ஒரு முழம் எழும்பியது. குடிக்காமல் போனால் மரியாதை இல்லையே என்று குடித்துவிட்டுத்தான் போனார்.

பன்னிரண்டாம் தேதியும் அவள் நடமாடினாள். பதின்மூன்றாம் தேதி தேவகி வீட்டுக்கும் போய் வந்தாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அரசாங்கச் சீல் வைத்த தாள் ஒன்று சொல்கிறது, அடுக்களையில் வளையல் சத்தம் வேறொன்று சொல்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் திருத்த முடியும். தாளில் அடித்தல் கூடாது. உங்களுக்கும் அது தெரியும், நீங்களும் பதிவேடு வைத்திருக்கிறவர்.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி நெருங்குகிறது, பதினொரு பிள்ளைகளுக்கும் முறுக்குச் சுட வேண்டும், பரண் மேல் இருக்கிற பெரிய முறுக்கு அச்சை எடுக்க வேண்டும் என்றாள். ஏணியைச் சார்த்தினேன். ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

ரைட்டர் ஏன் நிறுத்திவிட்டார். நான் சொன்னது அவ்வளவுதான், மேலே எழுதலாம். சரி, ஏணியை ஒரு பக்கமாக இழுத்தேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள், விட்டுப்போக வேண்டாம். அம்மிக்கல்லை அன்று காலையில்தான் பரணுக்கு நேர் கீழே நகர்த்தி வைத்திருந்தேன். பெருக்கச் சௌகரியமாக இருக்கும் என்று. அவள் கத்தவில்லை. கையில் அச்சு இருந்தது, அதை விடவில்லை.

சாயங்காலமே எடுத்துவிட்டோம். சான்றிதழ் தயாராக இருந்ததால் எங்கேயும் தாமதமில்லை. முப்பத்தேழு பெண்களும் வந்தார்கள். இந்தக் காஞ்சிபுரம் அப்படி ஒரு அழுகையைக் கேட்டிருக்காது. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்திலிருந்து புறாக்கள் எழும்பி வந்தவாசிக்கே போய்விட்டன. தேவகி மட்டும் அழவில்லை. பிணத்தைப் பார்த்ததைவிட ஏணியை அதிக நேரம் பார்த்தாள். பிறகு அம்மிக்கல்லைப் பார்த்தாள்.

பதினெட்டாம் தேதி, அதாவது நேற்று, லேபர் ஆபீஸ். சேவகர் ரேணுகாம்பாள், ரேணுகாம்பாள் என்று மூன்று முறை கூப்பிட்டார். நான் எழுந்து சான்றிதழைக் கொடுத்தேன். வக்கீல் முகத்தில் புன்னகை. ஆபீசர் பெருமூச்சு விட்டு, தள்ளுபடி என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

“ஒரு நிமிசம் சார்” என்றாள் தேவகி. “அந்த நோட்டைத் தொறந்து எதையாவது படிங்க. அந்தம்மா போறதுக்கு மொத நாளு எங்க வூட்ல சொல்லிட்டுப் போச்சு. அவரு ஒண்ணு விடாம எழுதியிருப்பாரு, நான் வர முடியாமப் போச்சுன்னா அதையே படிக்கச் சொல்லுன்னு.”

ஆபீசர் எழுபத்தொன்று ஜூன் ஒன்பதைத் திறந்தார். விரலில் ஊசி ஏறியது என்று படித்தார். ஏலவார்குழலி எழுந்து வலது கை ஆள்காட்டி விரலைக் காட்டினாள், நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது. இடுப்பு வலி கண்டது என்று படித்தார். மங்கையர்க்கரசி தன் பையனைத் தூக்கி மேசை மேலேயே உட்கார வைத்தாள். அவன் மைக்கூட்டைத் தட்டிவிட்டான். கத்தரிக்கோல் சண்டை என்று படித்தார். பின்வரிசையில் காந்தாவும் செல்லியம்மாளும் எழுந்தார்கள். “அது என் கத்தரிதான் சார்” என்றாள் ஒருத்தி. “தோ பாரு, இன்னும் வுடமாட்டேங்கறா” என்று மற்றவள் அவள் முடியைப் பிடித்தாள். சேவகர் குறுக்கே விழுந்து பிரித்தார்.

இரண்டு மணி நேரம் படித்தார், ஐயா. ஒரு வரிக்கு ஒரு தழும்பு, ஒரு வரிக்கு ஒரு குழந்தை, ஒரு வரிக்கு ஒரு தாலி. பக்கத்துத் தாளில் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே வந்தார். முப்பத்தேழும் நிரம்பிவிட்டது. இந்தப் பதிவேடு எழுத்துக்கு எழுத்து உண்மை, ஆனால் இது முப்பத்தேழு பேருடையது, இவர்களைத்தான் முதலில் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். என் பதிவேட்டை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று ஓர் அதிகாரி சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது. முதலாளி என்னைக் கட்டிக்கொள்வார் என்றுகூட நினைத்தேன். அவர் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

ஆபீசர் பிறகு சான்றிதழை மறுபடி எடுத்தார். “பதினொண்ணாந்தேதி இறந்ததா இருக்குதே” என்றார்.

“பதிமூணாந்தேதி எங்க வூட்டுப் பாயில குந்தி, எத்தினி படி அரிசி ஊற வைக்கணும்னு கேட்டுக்கினு இருந்துச்சு சார்” என்றாள் தேவகி.

ஆபீசர் என்னைப் பார்த்தார். பிறகு டெலிபோனை எடுத்தார். உங்களுக்குத்தான்.

நான் எதையும் மறைக்கவில்லை. ஏணியை இழுத்தது நான்தான், அவள் விழுந்து சாகட்டும் என்றுதான் இழுத்தேன். தேதியில் மூன்று நாள் பிசகு வந்ததற்காக வருத்தப்படுகிறேன். கையெழுத்துப் போட எங்கே என்று காட்டுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை, யாராவது ஒரு ஆளை என் வீட்டுக்கு அனுப்பினால் தேவலை. அண்டாவில் தண்ணீர் இறைத்து வைக்கவில்லை, பசு கறக்காமல் கத்துகிறதாம், முறுக்குக்கு ஊற வைத்த அரிசி ஐந்து நாளாக அப்படியே கிடந்து நாறுகிறது. இந்தச் சட்டையைத் துவைக்கவும் ஆள் இல்லை, பாருங்கள் எப்படி இருக்கிறது. நானும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

என்ன கேட்டீர்கள், இறந்தவர் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறதா. அதில் ஒன்றும் எழுத வேண்டாம், ஐயா. அவள் வீட்டில் சும்மாதான் இருந்தாள்.